தாய்ப்பால் பம்பு

தாய்ப்பால் பம்பு என்பது பாலூட்டும் தாயின் மார்பகத்திலிருந்து பாலை வெளியே எடுத்துச் சேமிக்க உதவும் கருவி ஆகும். காற்றழுத்தத்தைக் குறைத்து உறிஞ்சுதல் இதன் அடிப்படைத் தத்துவம் ஆகும். கையால் இயங்குவன, மின்சாரத்தால் இயங்குவன என இவை இரு பெரும் வகைப்படும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தாய், பணிக்குத் திரும்பும் தாய், பால் கட்டிக்கொண்டு வலியால் துன்புறும் தாய் ஆகியோருக்கு இக்கருவி பெரிதும் பயன்படுகிறது. எனினும் எல்லாத் தாய்மாருக்கும் இது தேவைப்படுவதில்லை. எனவே எவ்வகைப் பம்பு வேண்டும் என்ற கேள்விக்கு முன்னர், பம்பு வேண்டுமா என்ற கேள்விக்குக் கருவுற்ற பெண்ணும் குடும்பத்தாரும் விடை காண்பது நல்லது.

பெயர்

பேச்சு வழக்கில் இக்கருவி பிரெஸ்ட் பம்பு எனவும் பால் எடுக்கும் பம்பு எனவும் அழைக்கப்படுகிறது. பம்பு என்பதற்கு எக்கி என்ற கலைச்சொல் உள்ளதால் தாய்ப்பால் எக்கி என்றும் எழுதலாம். கருவியின்றி விரல்களால் பால் எடுப்பது பீய்ச்சுதல் எனப்படும்.

இயங்கும் முறை

கிணற்று நீரை மோட்டார் இறைப்பது போலப் பம்பு பாலை நேரடியாக இறைப்பதில்லை. பாலைச் சுரப்பதும் வெளியே தள்ளுவதும் தாயின் உடலே ஆகும். மார்புக்காம்பு தூண்டப்படும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின், ஆக்சிடோசின் ஆகிய இயக்குநீர்கள் வெளிப்படுகின்றன. புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் மார்பகத்தினுள் உள்ள நுண்பைகளைச் சுற்றியுள்ள தசையணுக்களைச் சுருங்கச் செய்து பாலை நாளங்களுக்குள் தள்ளுகிறது. இதையே பால் இறங்குதல் என்கின்றனர். வலி, அச்சம், கவலை ஆகியவை ஆக்சிடோசின் வெளிப்படுவதைத் தடுக்கக்கூடும். அமைதியான சூழலில், குழந்தையின் அருகில் அல்லது குழந்தையின் ஆடையை வைத்துக்கொண்டு பால் எடுக்கும்போது கூடுதலாகப் பால் கிடைப்பதன் காரணம் இதுவே.

பம்பின் முதன்மையான உறுப்புகள் பின்வருமாறு:

- புனல்: மார்பின் மீது பொருந்தும் பகுதி. இதன் குழாய்ப் பகுதிக்குள் காம்பு முன்னும் பின்னும் அசையும்.
- வால்வு: பாலைக் குப்பிக்குள் விழவிட்டு, காற்று திரும்பி வராமல் தடுக்கும் சிறிய சிலிக்கோன் இதழ்.
- சவ்வு: காற்றழுத்த மாற்றத்தைக் கடத்தும் மெல்லிய தடுப்பு.
- விசை: கைப்பிடி, அல்லது மின்மோட்டார்.
- குப்பி: பால் சேரும் கொள்கலன்.

தற்கால மின்பம்புகள் பெரும்பாலும் இரு நிலைகளில் இயங்குகின்றன. முதலில் குழந்தை பால் இறங்குவதற்காக வேகவேகமாகச் சப்புவதைப் போல மெல்லிய, விரைவான இழுப்புகள் அமைகின்றன. இது தூண்டல் நிலை ஆகும். பால் இறங்கிய பின்னர் நிதானமான, ஆழமான இழுப்புகள் தொடர்கின்றன. இது எடுப்பு நிலை ஆகும்.

உறிஞ்சு விசை கூடினால் பாலும் கூடும் என்பது தவறான எண்ணம். அளவுக்கு மீறிய விசை காம்பைப் புண்ணாக்குவதுடன், வலியினால் பால் இறங்குவதையும் தடுக்கும். தாய்க்கு வலியில்லாத அளவிற்குள் கூடுதலான விசையே சரியான விசை ஆகும்.

வரலாறு

மின்பம்புகள் வருவதற்கு முன்னர், தாய் தானே வாயால் உறிஞ்சிப் பாலை எடுக்கத்தக்க நீண்ட குழாயுடைய கண்ணாடிக் கலங்கள் ஐரோப்பாவில் பயன்பட்டன. 1854 ஆம் ஆண்டு சூன் 20 அன்று ஐக்கிய அமெரிக்காவில் ஓ. எச். நீடம் என்பவர் தாய்ப்பால் பம்பு ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் சதுரங்க வல்லுநரும் பொறியாளருமான எட்வர்ட் லாஸ்கர் இயந்திரப் பம்பு ஒன்றை வடிவமைத்தார்.

சுவீடனைச் சேர்ந்த பொறியாளர் எய்னார் எக்னெல், பால் எடுக்கும்போது மார்பகத்தில் நிகழும் இயக்கங்களை ஆராய்ந்து 1956 இல் வெளியிட்டார். பாதுகாப்பான உறிஞ்சு விசை எவ்வளவு, இழுப்புகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவற்றை அளந்து வடிவமைத்த அவருடைய பம்பு, பின்வந்த மருத்துவமனைப் பம்புகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. 1961 இல் சுவிட்சர்லாந்தில் ஓலே லார்சன் நிறுவிய மெடெலா நிறுவனம் இத்துறையில் முன்னணிக்கு வந்தது. நெடுங்காலம் மருத்துவமனைகளில் மட்டுமே இருந்த மின்பம்பு, 1990களில் வீட்டுப் பயன்பாட்டுப் பொருளாகப் பரவியது. உள்ளாடைக்குள் பொருத்திக்கொள்ளத்தக்க கம்பியில்லாப் பம்புகள் 2010களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தன.

வகைகள்

ரப்பர் குமிழ்ப் பம்பு: கண்ணாடி அல்லது நெகிழிப் புனலின் பின்புறம் ரப்பர் குமிழ் பொருத்தப்பட்டது. பழைய சைக்கிள் ஆரனை ஒத்திருக்கும். விலை மிகக் குறைவு. ஆனால் பால் குமிழுக்குள் செல்லும் வாய்ப்புண்டு. அதன் உட்புறத்தை முழுமையாகத் தூய்மை செய்ய இயலாது. உறிஞ்சு விசையையும் கட்டுப்படுத்த இயலாது. ஆகையால் குழந்தைக்குப் புகட்டும் பாலை எடுக்க இது ஏற்றதன்று.

கைப்பிடிப் பம்பு: பிடியை அழுத்தி விடும்போது இழுப்பு உண்டாகிறது. மின்சாரம் தேவையில்லை, ஓசை இல்லை, எளிதில் கழற்றிக் கழுவலாம். எப்போதாவது பால் எடுப்பவருக்குப் போதுமானது. நாள்தோறும் பலமுறை எடுப்பவருக்குக் கைவலி உண்டாகும்.

சிலிக்கோன் சேகரிப்பான்: ஒரே வார்ப்பாலான மென்மையான குடுவை. அழுத்தி மார்பில் பொருத்தினால் ஒட்டிக்கொள்ளும். குழந்தை ஒரு பக்கம் அருந்தும்போது மறுபக்கம் ஒழுகும் பாலைச் சேமிக்க உதவும்.

ஒற்றை மின்பம்பு: ஒரு நேரத்தில் ஒரு மார்பிலிருந்து மட்டும் எடுக்கும்.

இரட்டை மின்பம்பு: இரு மார்பிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுப்பதால் நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது. பணிக்குச் செல்லும் தாய்மாருக்கு ஏற்றது.

அணியும் பம்பு: கம்பியும் குழாயும் இன்றி உள்ளாடைக்குள் பொருந்துவது. நடமாடிக்கொண்டே பால் எடுக்கலாம். விலை கூடியது, உறுப்புகள் மிகுதி. சரியாகப் பொருந்தியுள்ளதா என்பதைக் கண்ணால் காண்பது கடினம்.

மருத்துவமனைப் பம்பு: பலர் பயன்படுத்துவதற்கென வலிமையான மோட்டாருடன் செய்யப்பட்டது. ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனிப் புனலும் குழாயும் வழங்கப்படும். குழந்தை நேரடியாகப் பால் குடிக்க இயலாத நிலையில் இதுவே சிறந்தது.

பம்பு யாருக்குத் தேவை

குழந்தை பிறந்த முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் எனவும், பின்னர் இணையுணவுடன் 2 ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரவேண்டும் எனவும் உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது. தாயும் சேயும் ஒரே வீட்டில் இருந்து, குழந்தை நன்றாகக் குடிக்கும்போது இதற்குப் பம்பு தேவையில்லை. குழந்தை தாயின் மார்பில் நேரடியாக அருந்துவதற்கு எந்தக் கருவியும் ஈடாகாது. பம்பு தேவைப்படும் நிலைகள் பின்வருமாறு:

- குழந்தை குறைமாதத்தில் அல்லது எடைகுறைந்து பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருத்தல்
- தாயின் அல்லது சேயின் நோய் காரணமாக இருவரும் பிரிந்திருத்தல்
- பிளவுபட்ட அண்ணம் போன்றவற்றால் குழந்தை உறிஞ்ச இயலாமை
- தாய் பணிக்கு அல்லது கல்விக்குத் திரும்புதல்
- பால் கட்டிக்கொண்டு மார்பு இறுகுதல்

இவற்றுள் முதல் மூன்றும் முன்கூட்டி அறிய இயலாதவை. அந்நிலை நேர்ந்தால் மருத்துவமனையின் பம்பையோ கையால் பீய்ச்சும் முறையையோ உடனே பயன்படுத்தலாம். நான்காவது நிலைக்குப் பல மாத அவகாசம் உண்டு. ஆகவே மகப்பேற்றுக்கு முன்னரே விலையுயர்ந்த பம்பு வாங்குவது பெரும்பாலோருக்குக் கட்டாயமன்று. கருவுற்ற காலத்தில் கையால் பீய்ச்சும் முறையைக் கற்றுக்கொள்வதும், மகப்பேறு நிகழவுள்ள மருத்துவமனையில் பம்பு உள்ளதா எனக் கேட்டறிவதும் அதைவிட முக்கியமானவை.

கருவுற்ற காலத்தில் பம்பை இயக்கிப் பார்த்தல் கூடாது. காம்பைத் தூண்டும்போது வெளிப்படும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது. குறைமாத வலி வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு இது தீங்காக முடியலாம்.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

புனலின் அளவு: பம்பின் விலையைவிட இதுவே முதன்மையானது. காம்பின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதற்கேற்ற புனலைத் தெரிவு செய்யவேண்டும். 21, 24, 27 மில்லிமீட்டர் அளவுகள் பொதுவாகக் கிடைக்கின்றன. காம்பு குழாயின் சுவரில் உரசினால் புனல் சிறியது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் குழாய்க்குள் மிகுதியாக இழுக்கப்பட்டால் புனல் பெரியது. மகப்பேற்றுக்குப் பின் அளவு மாறக்கூடும் என்பதால், புனலைத் தனியே மாற்றிக்கொள்ளத்தக்க பம்பே நல்லது.

மூடிய அமைப்பு: பாலுக்கும் மோட்டாருக்கும் இடையே தடுப்பு உள்ள பம்புகள் மூடிய அமைப்பு உடையவை. இதில் பால் மோட்டாருக்குள் செல்லாது. தடுப்பு இல்லாத பம்பில் பாலின் ஈரம் குழாய் வழியே உட்சென்று பூஞ்சை படரக்கூடும்.

உதிரி உறுப்புகள்: வால்வும் சவ்வும் தேய்ந்தால் உறிஞ்சு விசை குறையும். பால் குறைந்துவிட்டது எனத் தாய் கவலைப்படும் நிலையில் உண்மைக் காரணம் தேய்ந்த வால்வாக இருப்பதுண்டு. உதிரி உறுப்புகள் எளிதில் கிடைக்கும் பம்பையே வாங்கவேண்டும்.

மின்சாரம்: மின்தடை நேரும் ஊர்களில், மின்கலத்திலும் இயங்கும் பம்பு தேவை. வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் பம்பாயின், மின்னேற்றியில் 100 முதல் 240 வோல்ட்டு வரை எனக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட மின்னேற்றியை இந்தியாவின் 230 வோல்ட்டில் செருகினால் பழுதாகிவிடும்.

பிறர் பயன்படுத்திய பம்பு: அக்காளோ தோழியோ பயன்படுத்திய பம்பைக் கேட்டு வாங்கும் வழக்கம் உண்டு. வீட்டுப் பம்புகள் ஒருவர் பயன்பாட்டுக்கு மட்டும் உரியவை. திறந்த அமைப்புடைய பம்பின் உட்பகுதியைத் தூய்மை செய்ய வழியில்லை என்பதால் நோய்க்கிருமிகள் தொற்றலாம்.

கையால் பீய்ச்சுதல்

செலவில்லாததும் எங்கும் எப்போதும் செய்யக்கூடியதுமான முறை இது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின், கட்டைவிரலைக் காம்புக்கு மேலேயும் சுட்டுவிரலைக் கீழேயும், காம்பிலிருந்து சற்றுப் பின்னே வைக்கவேண்டும். விரல்களை முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்தி, பின்னர் ஒன்றையொன்று நெருங்குமாறு அழுத்தி விடவேண்டும். விரல்கள் தோலின் மீது வழுக்கக்கூடாது, காம்பையும் இழுக்கக்கூடாது. விரல்களை வட்டமாக இடம் மாற்றி எல்லாப் பக்கமும் பீய்ச்சவேண்டும்.

முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவில் குறைந்தது, கெட்டியானது. பம்பில் எடுத்தால் புனலிலும் குப்பியிலும் ஒட்டியே வீணாகும். அதனால் சீம்பாலைக் கையால் சிறு கிண்ணத்திலோ கரண்டியிலோ பீய்ச்சுவதே சிறந்தது. பம்புடன் கையால் பீய்ச்சுவதையும் முதல் மூன்று நாட்கள் அடிக்கடி செய்த குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்குப் பின்னர் கூடுதலாகப் பால் சுரந்ததை 2009 இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

எளிய மாற்று முறைகள்

மார்பு இறுகி வலிக்கும்போது வெந்நீர்க் குப்பி முறை பயன்படும். அகன்ற வாயுடைய கண்ணாடிக் குப்பியில் சுடுநீரை ஊற்றி, குப்பி சூடேறியபின் நீரைக் கொட்டிவிட வேண்டும். அதன் வாயை மட்டும் குளிர்ந்த நீரால் ஆற்றிக் காம்பின் மீது பொருத்தினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி மெல்ல உறிஞ்சும். பம்பின் தத்துவமே இதிலும் செயல்படுகிறது.

உள்ளிழுத்த காம்பு உடையவர்களுக்கு மருந்தூசிக் குழல் முறை உள்ளது. கர்நாடக மாநிலம் தாவணகெரேயைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் நிர்மலா கேசரியும் உடன் பணியாற்றியோரும் இதை 1993 இல் ஆய்விதழில் வெளியிட்டனர். ஊசி பொருத்தும் முனையை வெட்டி நீக்கி, வெட்டிய பக்கத்தின் வழியே தண்டைச் செருகவேண்டும். வழவழப்பான மறுமுனையைக் காம்பின் மீது வைத்துத் தண்டை மெல்ல இழுத்தால் காம்பு வெளியே வரும். பின்னர் குழந்தையை மார்பில் விடலாம்.

பயன்படுத்தலும் தூய்மையும்

குழந்தை முற்றிலும் பிரிந்திருக்கும்போது, பிறந்த சில மணி நேரத்துக்குள் பால் எடுக்கத் தொடங்கி, இரவு உட்பட நாளொன்றுக்கு 8 முறையாவது எடுக்கவேண்டும். மார்பு காலியாகக் காலியாகவே பால் ஊறும். ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம் போதுமானது. பம்பில் கிடைத்த அளவைக் கொண்டு பால் சுரப்பை மதிப்பிடக்கூடாது. குழந்தை உறிஞ்சி எடுக்கும் அளவுக்குப் பம்பு எடுப்பதில்லை.

2016 இல் ஐக்கிய அமெரிக்காவில் குறைமாதக் குழந்தை ஒன்று குரோனோபாக்டர் என்னும் நுண்ணுயிரியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த நுண்ணுயிரி வீட்டுப் பம்பிலும் காணப்பட்டது. இதனையடுத்து 2017 இல் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் பம்பைத் தூய்மை செய்வதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டன. அவற்றின் சாரம்:

- பால் பட்ட உறுப்புகளை ஒவ்வொரு முறையும் கழற்றி, அதற்கென வைத்துள்ள தனிப் பாத்திரத்தில் சோப்பு நீரால் கழுவவேண்டும்.
- பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நேரடியாக இடக்கூடாது.
- தூய துணியின் மீது பரப்பிக் காற்றில் உலரவிட வேண்டும். துடைக்கக்கூடாது.
- 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் நாள்தோறும் ஒருமுறை உறுப்புகளை 5 நிமிடம் கொதிக்க வைக்கவேண்டும்.
- பூஞ்சை படர்ந்த குழாயைக் கழுவ முயலாமல் எறிந்துவிட வேண்டும்.

பாலைச் சேமித்தல்

எடுத்த பாலை 25 பாகை செல்சியசு அல்லது அதற்குக் குறைந்த வெப்பநிலையில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாட்களும், உறைநிலைப் பெட்டியில் 6 மாதங்களும் வைக்கலாம். ஒற்றைக் கதவுக் குளிர்பதனப் பெட்டியின் பனிக்கட்டி அறை போதிய குளிர் உடையதன்று. அதில் 2 வாரங்களுக்கு மேல் வைக்காதிருப்பது நலம். பனிப்பொதிகள் கொண்ட வெப்பக்காப்புப் பையில் 24 மணி நேரம் வரை எடுத்துச் செல்லலாம். உருகிய பாலை மீண்டும் உறையவைக்கக் கூடாது. அடுப்பிலோ நுண்ணலை அடுப்பிலோ சூடாக்காமல், வெதுவெதுப்பான நீரில் குப்பியை வைத்துப் பதப்படுத்த வேண்டும். மேலே திரண்டுள்ள கொழுப்பு மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

எடுத்த பாலைப் பால்புட்டியில் தருவதைவிடப் பாலாடையிலோ சங்கிலோ கிண்ணத்திலோ புகட்டுவது நல்லது. இவை கழுவ எளியவை. புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பை மறுப்பதும் தவிர்க்கப்படும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருட்கள், பால்புட்டிகள் ஆகியவற்றின் விளம்பரத்தை 1992 ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. இது 2003 இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பையும், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளொன்றுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகளுக்கும் தாய்க்கு உரிமை உண்டு. இவை 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன. இவ்விடைவேளைகள் பால் எடுக்கவும் பயன்படத்தக்கவை. தமிழ்நாடு அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கான மகப்பேற்று விடுப்பு 2021 இல் 12 மாதமாக உயர்த்தப்பட்டது.

1989 இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டசு தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி ஆகும். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் 2014 இல் தாய்ப்பால் வங்கி செயல்படத் தொடங்கியது. 2015 ஆகத்து மாதத்தில் மதுரை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் உள்ளிட்ட ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. கொடையாகப் பெறும் பால் 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டுக் குறைமாதக் குழந்தைகளுக்கு வழங்கப்படுகிறது. அதே மாதத்தில் தமிழ்நாட்டின் 350-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன.

தென்காசி, குற்றாலம் பகுதியில்

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தில், பம்பின் தேவை தாயின் வாழ்க்கைச் சூழலைப் பொறுத்து வேறுபடுகிறது.

இப்பகுதியில் பல பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். குழந்தை அருகிலேயே இருப்பதால் இவர்களுக்குப் பம்பு தேவைப்படுவது அரிது. புகையிலைத் தூள் படிந்த கைகளை நன்கு கழுவியபின் பாலூட்டுவதே முக்கியம். மாறாக, 2011 முதல் மென்பொருள் நிறுவனமான சோகோவின் அலுவலகம் அமைந்துள்ள மத்தளம்பாறை போன்ற இடங்களுக்கும், ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலிக்கும் பணிக்குச் செல்லும் பெண்களுக்கு இரட்டை மின்பம்பு உதவக்கூடும்.

தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது இங்கும் வழக்கம். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் பெண் சில மாதங்கள் தாய்வீட்டில் தங்குவதால், பம்பு வாங்குவதற்கான முடிவை மகப்பேற்றுக்குப் பின் எடுக்கலாம். செங்கோட்டையிலிருந்து சென்னை செல்லும் பொதிகை விரைவுவண்டி போன்ற இரவு நெடும்பயணங்களில் எடுத்த பாலைப் பனிப்பொதிப் பையில் கொண்டு செல்லலாம்.

சூன் முதல் ஆகத்து வரையிலான குற்றாலச் சாரல் காலத்தில் காற்றில் ஈரப்பதம் மிகுவதால் பம்பின் குழாயும் வால்வும் எளிதில் உலர்வதில்லை. பால் எடுத்தபின் குழாயில் நீர்த்துளி தெரிந்தால், பம்பைச் சில நிமிடம் வெறுமனே இயக்கி உலர்த்தவேண்டும். இரு இணை உறுப்புகள் வைத்துக்கொள்வதும் பயன்தரும். கோடையில் வெப்பநிலை 25 பாகையைத் தாண்டுவதால் 4 மணி நேர வரையறையை நம்பாமல் பாலை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

சீம்பாலைக் கெட்ட பால் எனக் கருதிப் பீய்ச்சிக் கொட்டுவதும், பிறந்த குழந்தைக்குத் தேனோ சர்க்கரை நீரோ சேனையாகத் தொட்டு வைப்பதும் தீங்கானவை. சீம்பால் நோய் எதிர்ப்பாற்றல் நிறைந்தது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி விதைகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கலாம். எடுத்து வைத்த தாய்ப்பால் சத்தற்றது என்பதும் தவறு. முறையாகச் சேமித்த தாய்ப்பால், மாவுப்பாலைவிடச் சிறந்தது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

மார்பில் சிவப்பும் சூடும் கட்டியும் தோன்றிக் காய்ச்சல் கண்டாலோ, காம்பில் குருதி கசிந்தாலோ, குழந்தையின் எடை கூடாவிட்டாலோ, குழந்தை நாளொன்றுக்கு 6 முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும். மார்பு அழற்சியின்போது பாலூட்டுவதைத் திடீரென நிறுத்தத் தேவையில்லை. பால் தேங்கினால் வலியும் அழற்சியும் கூடும். அதேவேளை, மார்பை முற்றிலும் காலியாக்க எண்ணி அளவுக்கு மீறிப் பம்பைப் பயன்படுத்துவதும் அழற்சியை மிகுவிக்கும். குழந்தை வழக்கமாக அருந்தும் அளவுக்கு எடுத்தால் போதுமானது.

இவற்றையும் பார்க்க

- தாய்ப்பால்
- சீம்பால்
- தாய்ப்பால் வங்கி
- குறைமாதப் பிறப்பு
- தென்காசி மாவட்டம்